‘அப்ராக்ஸிமேட்’ என்று வந்தால் ‘தோராயம்’ போட்டுவிட்டுப் போய்விடலாமா?

#1 ஏட்டுச்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துபவர்களும் மருத்துவம், ஏற்றுமதி தெரிந்தவர்களும் கொஞ்சம் கைகொடுங்கள்.

அறுவை அரங்குப் பணியாளர்களுக்கான கையேடு ஒன்று தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. முன்பு யாரோ பாதி செய்துவிட்டுக் கைவிட்ட வேலை. அதில் ஓரிடத்தில் “காயத்தின் விளிம்புகளைத் தோராயமாக்கித் தையலிட வேண்டும்” என்று இருக்கிறது. மூலத்தைத் திறந்து பார்த்தால் ‘அப்ராக்ஸிமேட் த வூண்ட் எட்ஜஸ்’. தோராயமாகத் தைக்கும் டாக்டரிடம் யார் போய்ப் படுப்பார்கள்?

இன்னொன்று, ஆடை ஏற்றுமதி ஒப்பந்தம். ‘அப்ராக்ஸிமேட்லி 40,000 பீஸஸ்’. “சுமார் 40,000” என்று போட்டு அனுப்பினேன். “சுமார் என்றால் எத்தனை? தெளிவாக எழுதவும்” என்று திரும்பி வந்திருக்கிறது. மூலத்தில் இல்லாத எண்ணை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

அகராதி இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறது. உங்கள் தொழிலில் இந்தச் சொல் என்ன பொருளில் புழங்குகிறது, எழுதுங்கள்.

#2 வெண்கலப்பூட்டு

சுமார் என்று எழுதினால் “சரக்கு சுமார்தானா?” என்றும் கேட்பார்கள், ஜாக்கிரதை. படம் சுமார், சாப்பாடு சுமார், மாப்பிள்ளை சுமார் என்று நாம் அந்தச் சொல்லை ஒரு வழி பண்ணி வைத்திருக்கிறோம்.

#3 தூய்தமிழ்ச்செல்வன்

சுமார் தமிழே அல்ல, பாரசீக வழி வந்தது. ‘ஏறத்தாழ’ என்று அழகான சொல் இருக்கும்போது ஏன் இந்த இரவல்?

#4 தையல்நூல்_மதுரை

அறுவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

எங்களுக்கு அப்ராக்ஸிமேட் என்பது செய்கிற வேலை. பிரிந்து கிடக்கும் இரண்டு ஓரங்களைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒன்றையொன்று தொடும்படி வைப்பது. கணக்குக்கும் மதிப்புக்கும் இதில் வேலையே இல்லை. “விளிம்புகளை ஒன்று சேர்த்து” என்றோ “விளிம்போடு விளிம்பு பொருத்தி” என்றோ எழுதுங்கள், தியேட்டரில் நிற்கும் எல்லோருக்கும் புரியும்.

ஆனால் “இறுக்கி” என்ற சொல் மட்டும் தப்பித்தவறி வந்துவிடக் கூடாது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே “அப்ராக்ஸிமேட், டோன்ட் ஸ்ட்ராங்குலேட்” என்பதுதான். சேர்த்து வை, நெரிக்காதே. பல் வைத்த ஃபோர்செப்ஸால் தோலின் ஓரத்தை லேசாகத் தூக்கி, ஊசியைத் தோலுக்குச் செங்குத்தாக இறக்கி, எதிர்ப்பக்கம் அதே ஆழத்தில், அதே தூரத்தில் எடுக்க வேண்டும். முடிச்சுப் போட்டதும் ஓரங்கள் இரண்டும் ஒரு மயிரிழை மேல்நோக்கித் தூக்கி நிற்க வேண்டும். உள்ளே மடங்கினால் தோலின் மேல்பரப்பு மேல்பரப்போடு ஒட்டி நிற்கும், அது சேராது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முடிச்சை இறுக்கினால், அடுத்த ஒன்றிரண்டு நாளில் காயம் வீங்கும்போது நூல் சதையை அறுக்கும். ரத்த ஓட்டம் நின்று ஓரம் கறுத்துப்போகும். அப்புறம் ஏணிப்படி மாதிரி தழும்பு.

அழுக்கான காயம், சீழ் பிடித்த காயம் என்றால் சேர்க்கவே மாட்டோம். திறந்து வைத்து டிரஸ்ஸிங் பண்ணி, நான்கைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் தையல். உங்கள் கையேட்டில் ‘டு நாட் அப்ராக்ஸிமேட்’ என்று எங்காவது வந்தால் அது இதுதான். அங்கே போய் “தோராயமாக்க வேண்டாம்” என்று வந்தால் சிரிப்போடு நிற்காது.

#5 ஏட்டுச்சுவடி

அக்கா, மிக்க நன்றி. ‘டு நாட் அப்ராக்ஸிமேட்’ 14ஆம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது! முந்தையவர் “துல்லியம் தவறக் கூடாது” என்று எழுதி வைத்திருக்கிறார். நேர் எதிராகப் போயிருக்கும்.

#6 பல்லாங்குழி

பல் டாக்டர்களிடமும் இந்தச் சொல்லின் தங்கச்சி ஒருத்தி உண்டு. ‘அப்ராக்ஸிமல்’ என்றால் ஒரு பல் பக்கத்துப் பல்லைப் பார்த்து நிற்கும் பக்கம். அங்கே வரும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். “தோராயச் சொத்தை” என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள், கிடைத்தாலும் கிடைக்கும்.

#7 பனியன்சிட்டி

அண்ணா, ரெண்டாவது கேள்விக்கு நானுங்க. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் டாகுமெண்டேஷன் பார்க்குறேன்.

மொதல்ல ஒண்ணு கேட்டுக்குங்க. பணம் எல்சி மூலமா வருதா? எல்சின்னா லெட்டர் ஆஃப் கிரெடிட், டாகுமெண்ட் சரியா இருந்தா பணம் தர்றேன்னு பையரோட பேங்க் எழுதிக் கொடுக்குறது. வருதுன்னா அந்த எல்சியில ‘சப்ஜெக்ட் டு யூசிபி 600’னு இருக்கும். பாரிஸ்ல இருக்குற சர்வதேச வர்த்தக சபை, அதாங்க ஐசிசி, போட்ட விதி. 2007 ஜூலை 1லிருந்து நடைமுறையில இருக்குது. அதுல 30ஆவது பிரிவு இந்த வார்த்தைக்குன்னே எழுதினது. ‘அபவுட்’, ‘அப்ராக்ஸிமேட்லி’ இந்த ரெண்டுல எது வந்தாலும் 10 சதம் கூட, 10 சதம் குறைய. அவ்வளவுதான், அதுக்கு மேல பேச்சு இல்லை. உங்க 40,000 பீஸ், 36,000லிருந்து 44,000 வரைக்கும் போகலாம்.

இதுல ஒரு கண்ணி இருக்குதுங்க. அந்த வார்த்தை எதுக்கு முன்னால நிக்குதோ அதுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. எண்ணிக்கைக்கு முன்னால ‘அபவுட்’ போட்டுட்டு, தொகைக்கு முன்னால போடலைன்னா, 44,000 பீஸ் அனுப்பலாம், ஆனா பில்லு எல்சி தொகையைத் தாண்டக் கூடாது. மிச்சப் பீசுக்குப் பணம் எங்கிருந்து வரும்? பேங்க் டிஸ்கிரிபன்சி, அதாவது எல்சியோட ஒத்துப்போகலைன்னு போட்டுத் திருப்பிடும். அதனால பேங்க்ல இருந்து எல்சியோட ஸ்விஃப்ட் மெசேஜ் வந்த உடனே நாங்க பார்க்குறது 39ஏ கட்டம். 10/10, 05/05னு அதுல இருந்தாத்தான் தொகையிலயும் இழுத்துக்கலாம்.

இன்னொண்ணு, அந்த வார்த்தையே இல்லாட்டியும் சில சரக்குக்கு 5 சதம் கூடக்குறைய உண்டுங்க. நூல் 10,000 கிலோன்னு இருந்தா 9,500 அனுப்பினாலும் செல்லும், 10,500 அனுப்பினாலும் செல்லும். தொகை மட்டும் எல்சிக்குள்ள நிக்கணும். பீஸ், பெட்டின்னு எண்ணிச் சொல்ற சரக்குக்கு அந்த 5 கிடையாது. பனியன் தைக்கிறவனுக்கு இல்லாத சலுகை நூல் விக்கிறவனுக்கு!

தேதிக்கும் தனியா இருக்குது. 3ஆவது பிரிவு. ‘ஆன் ஆர் அபவுட் 15’னு போட்டிருந்தா 10ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரைக்கும், ரெண்டு ஓரமும் சேர்த்து.

#8 வெண்கலப்பூட்டு

“சுமார் 15ஆம் தேதி வாக்கில் கல்யாணம்” என்றால் பாரிஸ் விதிப்படி 20 வரைக்கும் பந்தல் போட்டு வைக்க வேண்டுமா?

#9 பனியன்சிட்டி

11 நாள் சாப்பாடுங்க. பேங்க் டிஸ்கிரிபன்சி போடாது.

#10 கணக்கதிகாரி

ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். இங்கே எல்லோரும் ‘தோராயம்’ என்ற சொல்லை அலட்சியத்துக்கு மறுபெயர்போலப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. கணிதத்தில் அது மிகவும் பொறுப்பான சொல்.

ஆரியபடர் 499இல் எழுதியதைப் பாருங்கள். நூறோடு நான்கைக் கூட்டி, எட்டால் பெருக்கி, அறுபத்திரண்டாயிரத்தைச் சேர்த்தால் வருவது, இருபதாயிரம் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு என்கிறார். 62,832ஐ 20,000ஆல் வகுத்தால் 3.1416. அத்தோடு அவர் நிறுத்தவில்லை. ‘ஆசன்ன’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார். அருகில் வந்து அமர்ந்தது என்று பொருள். கேரளத்து நீலகண்ட சோமயாஜி பிற்பாடு உரை எழுதும்போது அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: உண்மை மதிப்பை விட்டுவிட்டு அருகிலுள்ளதை ஏன் சொன்னார்? அவரே விடையும் தருகிறார். விட்டத்தை மிச்சமில்லாமல் அளக்கும் எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தாலும் சுற்றளவில் மிச்சம் விழும். சுற்றளவை மிச்சமில்லாமல் அளப்பது விட்டத்தில் மிச்சம் வைக்கும். அளவுகோலை எவ்வளவு சிறிதாக்கினாலும் மிச்சம் சிறுக்குமே தவிர ஒழியாது. ஆக, ‘ஆசன்ன’ என்று போட்டது கை நழுவியதால் அல்ல. அதற்குமேல் சொல்ல முடியாது என்று தெரிந்து போட்டது.

ஆர்க்கிமிடீஸ் செய்ததும் இப்படித்தான். 22/7 அவர் பெயரில் ஓடுகிறது. அவரோ பை 22/7க்குச் சமம் என்று சொல்லவேயில்லை. 96 பக்கமுள்ள பலகோணத்தை வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வரைந்து, 22/7ஐவிடக் குறைவு, 223/71ஐவிட அதிகம் என்று இருபுறமும் வேலி கட்டினார். வேலி கட்டாத தோராயம் வெறும் ஊகம். நம் பள்ளிகளில் வேலியைப் பிடுங்கிவிட்டு 22/7ஐ மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டோம்.

7 மீட்டர் விட்டத்துக்குக் கிணறு வெட்டினால் சுற்றளவு 22 மீட்டர் என்று போடுவோம். உண்மையில் அதைவிட ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் குறைவு. கிணற்றுக்கு அது ஒன்றுமில்லை. இயந்திரத்தின் பேரிங்குக்கு 9 மில்லிமீட்டர் என்றால் பொருளைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

#11 தூய்தமிழ்ச்செல்வன்

ஐயா, நீங்களே ‘ஏறத்தாழ’ என்று எழுதிவிட்டீர்கள், நன்றி. அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: ஏற, தாழ. ஏறக்குறைய: ஏற, குறைய. பனியன்சிட்டி சொன்ன “10 சதம் கூட, 10 சதம் குறைய” என்ற கணக்கு அப்படியே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ‘கிட்டத்தட்ட’ என்பதில் கிட்ட, அதாவது அருகாமை. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் அருகில் என்பதுதான். ஆகவே எண்ணுக்கு ஏறத்தாழ, நெருக்கத்துக்குக் கிட்டத்தட்ட என்று விதி வைத்துக்கொள்ளலாம்.

#12 வெண்கலப்பூட்டு

விதியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. “வேலை ஏறக்குறைய முடிஞ்சிருச்சு” என்று கொத்தனார் சொன்னால் ஏறவும் செய்யுமா? முடிந்ததற்கு மேலேயும் கொஞ்சம் முடித்துவிட்டாரா? பேச்சில் அது குறையத்தான், ஏறியதைப் பார்த்தவர் இல்லை.

#13 கணக்கதிகாரி

நியாயமான கேள்வி. ‘நியர்லி’, ‘ஆல்மோஸ்ட்’ ஆகியவை எல்லையை எட்டாமல் கீழேயே நிற்பவை. அப்ராக்ஸிமேட்லி இருபுறமும் போகும். நம் பேச்சில் இந்த இரண்டும் கலந்துவிட்டன. எழுத்தில் பிரிக்க வேண்டுமானால் கீழே நிற்பதற்குக் ‘கொஞ்சம் குறைய’ என்று போடலாம்.

#14 வல்வை_வாசகி

எங்கட பக்கத்தால ஒண்டு சொல்லுறன். இலங்கையில பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்தில ‘தோராயம்’ எண்டு வராது. ‘அண்ணளவாக’, ‘அண்ணளவாக்கம்’ எண்டுதான் படிச்சனாங்கள். கிட்டின பத்துக்கு, கிட்டின நூறுக்கு எண்டு மாத்துறது ‘மட்டந்தட்டல்’. அண்ணுதல் எண்டால் கிட்டப் போறதுதானே. தோராயத்தில அந்தக் கிட்டப் போற உணர்வே இல்லை. அண்ணளவில இருக்கு.

#15 ஏட்டுச்சுவடி

வாசகி அக்கா, இந்தச் சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. அருமை. ஆனால் திருப்பூரில் போய் “அண்ணளவாக 40,000” என்றால் எந்த அண்ணனுடைய அளவு என்று கேட்பார்களே!

#16 வல்வை_வாசகி

கேக்கட்டும். ரெண்டு முறை கேட்டால் மூண்டாம் முறை விளங்கும்.

#17 நாநுனி

ஒலியியல்காரர் யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதால் நான். ‘அப்ராக்ஸிமண்ட்’ என்று ஒரு கலைச்சொல் எங்களிடம் உண்டு. பீட்டர் லடேஃபோகட் 1964இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. வாயில் ஓர் உறுப்பு இன்னொன்றை நெருங்கும். காற்று அடைபடாது, உரசிச் சீறவும் செய்யாது. நெருக்கம் மட்டும்.

ஆளுக்கு ஆள் மேடையில் பெருமையடிக்கும் நம் ழகரம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ‘பட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு அண்ணத்தை அடைத்துவிட்டு விடும். ‘விஷம்’ என்றால் இடுக்கில் காற்று சீறும். ‘பழம்’ என்னும்போது நாக்கு மேலே வளைந்து போய், கிட்டே நின்று, திரும்பிவிடும். தொல்காப்பியத்தில் றகர னகரங்களுக்கு நாநுனி அண்ணத்தை ‘ஒற்ற’ என்றும், ரகர ழகரங்களுக்கு ‘வருட’ என்றும் வேறு வேறு வினை போட்டிருப்பது இந்த வேறுபாட்டைக் காதால் பிடித்ததால்தான். வருடுதல் லேசான தொடுகை ஆயிற்றே, அப்ராக்ஸிமண்டுக்குத் தொடுகையே கிடையாதே என்று கேட்டால், ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் அடக்கியதால் வந்த இழுபறி என்பேன். ரகரத்தில் தொடுகை உண்டு.

அண்ணம் என்றதும் அண்ணளவு நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் உறவு உண்டா என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், தனி இழை தொடங்க வேண்டிவரும்.

#18 பனியன்சிட்டி

‘வாளப்பளம்’னு சொல்றவங்க 10 சதத்துக்கு உள்ளயா வெளியவாங்க?

#19 சென்நதி_பாரிஸ்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்கள் மொழிபெயர்ப்பவர்கள் யாராவது பின்னால் வருவார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். ஒன்றியம் இயங்கும் ஒப்பந்தத்தின் 114ஆவது உறுப்பில் ‘அப்ராக்ஸிமேஷன் ஆஃப் லாஸ்’ என்று வரும். “சட்டங்களின் தோராயம்” அல்ல! பிரெஞ்சில் ‘ரப்ரொஷ்மான்’, அருகே கொண்டுவருதல். ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தனித்தனியாகவே இருக்கும்; பொதுச் சந்தைக்குத் தடையாக நிற்கும் வேறுபாடுகளை மட்டும் குறைத்து, ஒன்றை ஒன்று நெருங்கச் செய்வது. ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடுகளுக்கும் இந்த வேலை உண்டு; அல்பேனியாவோடு போட்ட ஒப்பந்தத்திலும் இதே சொல்தான்.

மதுரை அக்கா தைப்பதற்குச் சொன்னதும் இதுவும் ஒரே வேலை என்று தோன்றுகிறது. “சட்டங்களை நெருங்கச் செய்தல்” என்று எழுதுவேன். ‘ஒத்திசைவு’ என்பது ‘ஹார்மனைசேஷன்’ என்ற வேறொரு சொல்லுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

#20 சர்க்யூட்போர்டு

எலக்ட்ரானிக்ஸில் இரண்டு பொருளும் சேர்ந்தே வரும். ‘சக்ஸஸிவ் அப்ராக்ஸிமேஷன்’ என்ற முறையில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவார்கள். ஆர்டுவினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையில் இருக்கும் சிப் இப்படித்தான் அளக்கிறது. 5 வோல்ட் வரம்பு, வந்திருப்பது 3.3 என்று வையுங்கள். முதல் கேள்வி: 2.5ஐவிட அதிகமா? ஆம். 3.75ஐவிட? இல்லை. 3.125ஐவிட? ஆம். 3.4375? இல்லை. இப்படி ஒவ்வொரு முறையும் இடைவெளி பாதியாகும். 10 பிட் என்பதால் 10 கேள்வி, கடைசியில் நிற்கும் இடைவெளி 5 மில்லிவோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. நெருங்கிப் போவதும் இதில் இருக்கிறது, எவ்வளவு நெருங்கினோம் என்ற கணக்கும் இருக்கிறது. கணக்கதிகாரி ஐயா சொன்ன வேலி ஒவ்வொரு கேள்விக்கும் சுருங்குகிறது.

#21 தையல்நூல்_மதுரை

மனநல வார்டில் வேலை பார்த்த தோழி ஒருத்தி ஒரு கூடுதல் தகவல் சொன்னாள். ‘அப்ராக்ஸிமேட் ஆன்சர்ஸ்’ என்று ஓர் அறிகுறி உண்டு. சிக்பெர்ட் கான்சர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1898இல் சிறைக்கைதிகளைப் பற்றி எழுதியது. இரண்டும் இரண்டும் எத்தனை என்றால் ஐந்து. குதிரைக்கு எத்தனை கால் என்றால் அதுவும் ஐந்து. கேள்வி நன்றாகப் புரிந்திருக்கிறது, பதில் மட்டும் இலக்குக்குப் பக்கத்தால் விலகிப் போகிறது. அதிக அளவில் காணப்படும் நோய் இல்லை. தோராயமான பதில்கள் என்று எழுதினால் நோயாளி குத்துமதிப்பாகச் சொன்னதாக ஆகிவிடும். “இலக்கை ஒட்டித் தவறும் பதில்கள்” சரியாக இருக்குமா?

#22 கணக்கதிகாரி

சரியாக இருக்கிறது. இரண்டும் இரண்டும் ஐந்து என்பதில் 25 சதப் பிழை. பாரிஸ் விதிக்குள்ளும் அடங்காது.

#23 ஏட்டுச்சுவடி

கையேட்டில் “விளிம்போடு விளிம்பு சேர்த்து (இறுக்காமல்)” என்று போட்டுவிட்டேன். 14ஆம் பக்கம் “விளிம்புகளைச் சேர்க்காமல் திறந்து விடவும்”.

ஒப்பந்தம்தான் இழுக்கிறது. கேட்டுப் பார்த்தேன், எல்சி உண்டு, யூசிபி 600 வாசகமும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படியானால் ஒப்பந்தத்தின் ‘அப்ராக்ஸிமேட்லி’யை 10 சதம் என்று எழுதலாமா?

#24 பனியன்சிட்டி

வேண்டாங்க. அந்த 10 சதம் எல்சிக்கு மட்டும்தான். ஒப்பந்தம் வேற காகிதம். பேங்க் ஒப்பந்தத்தைப் பார்க்காது, எல்சியையும் டாகுமெண்டையும்தான் பார்க்கும். ஒப்பந்தத்துல ‘சுமார்’னு மட்டும் இருந்து, பையர் 37,000 பீஸ் பத்தாதுன்னு சண்டைக்கு வந்தா அது கோர்ட்டு வழக்கு. “சுமார்”னே விட்டுட்டு, ஓரத்துல மொழிபெயர்ப்பாளர் குறிப்பா “அளவு வரம்பு மூலத்தில் இல்லை, தரப்பினர் உறுதி செய்யவும்”னு எழுதிடுங்க. அவங்க ரெண்டு பேரும் பேசி ப்ளஸ் ஆர் மைனஸ் 5ன்னு போட்டுக்கட்டும். நாங்க ஆர்டர் எடுக்கும்போதே அதை எழுதி வாங்கிக்குவோம்.

சுமார் வேண்டாம்னு சொன்ன ஐயா கோவிச்சுக்க வேண்டாம், பையருக்கும் ஏஜெண்டுக்கும் அதுதான் புரியும்.

#25 தூய்தமிழ்ச்செல்வன்

கோபமில்லை. ‘ஏறத்தாழ’ என்றாலும் புரியும் என்றுதான் இன்னும் சொல்கிறேன்.

#26 பத்திரக்காரர்

பத்திர எழுத்து அனுபவத்தில் ஒன்று. கிரையப் பத்திரத்திலும் “சுமார் 5 சென்ட்” என்று வரும். அங்கே யூசிபியும் கிடையாது, 10 சதமும் கிடையாது. நான்கெல்லை எழுதியிருப்போம்: வடக்கே இன்னார் நிலம், தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் வீடு. எல்லையும் விஸ்தீரணமும் முரண்பட்டால் பொதுவாக நீதிமன்றம் எல்லையைத்தான் எடுத்துக்கொள்ளும். விதிவிலக்கு உண்டு, வழக்கைப் பொறுத்தது. ஆனால் நாங்கள் தைரியமாக ‘சுமார்’ போடுவது எல்லை திடமாக இருக்கும்போதுதான்.

#27 வெண்கலப்பூட்டு

வாய்க்கால் நகர்ந்துவிட்டால்?

#28 பத்திரக்காரர்

சர்வேயரைக் கூப்பிட்டு எஃப்எம்பி (நில அளவைப் புத்தக) வரைபடத்தை எடுத்துக் கல்லைத் தேட வேண்டியதுதான் தம்பி. கல்லும் இல்லையென்றால் தனிச்செய்தியில் வாருங்கள், ஒரு வக்கீல் நம்பர் தருகிறேன்.